கத்திரி வெயிலில் பெண்ணாடம்

பழைய வீட்டைப் பார்ப்பதென்றால் கத்திரி வெயிலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மார்கழியில் எல்லா வீடும் நல்ல வீடுதான். மே மாத உச்சிப்பொழுதில், கரண்ட் போய் மின்விசிறி நின்ற பிறகும் உள்ளே உட்கார முடிகிறதா என்று பார்த்தால்தான் அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரின் கெட்டிக்காரத்தனம் பிடிபடும். "இந்த வெயில்ல யாராவது ஊர் சுத்துவாங்களா?" என்று வீட்டில் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெண்ணாடம் கிளம்பினேன்.

விருத்தாசலத்திலிருந்து அரியலூர்ப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயில். நடுவே தாழநல்லூர், அடுத்தது பெண்ணாடம். ஜன்னலில் அனல் அடித்தது. கரும்பு வெட்டிய வயல்களில் கரும்புக்கட்டை கருகிக் கிடந்தது. வரப்போரப் பனைமரங்களின் கீழே மட்டும் ஆள் நடமாட்டம். நுங்கு வெட்டிக் குலை குலையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரத்தையும் திருச்சியையும் குறுக்கே இணைக்கும் இந்தக் கார்டு லைன் 1920களின் இறுதியில் வந்தது. அதற்கு முன் சென்னை ரயில் கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சை என்று சுற்றிக்கொண்டுதான் திருச்சி சேரும். இந்தப் பாதையைச் சொன்னால் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் நடந்த விபத்துதான். அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பெண்ணாடத்து வீடுகளைப் பார்க்க வந்தவனுக்கு இந்த ரயில் பாதை வேறொரு காரணத்தால் முக்கியம். சீமை ஓடு தமிழ்நாட்டின் உள்ளூர்களுக்குள் பரவியதில் ரயிலுக்குப் பெரிய பங்குண்டு. மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அந்தத் தட்டையான சிவப்பு ஓடும் அதைப் பார்த்து மற்ற ஊர்களில் செய்த ஓடும் வண்டியேறி வரத் தொடங்கிய பிறகுதான், குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட நாட்டு ஓட்டுக்குப் போட்டி வந்தது.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்றும் இரண்டையும் பார்க்கலாம். நாட்டு ஓட்டுக் கூரை, பக்கத்தில் சீமை ஓடு, அதற்கும் பக்கத்தில் டைல்ஸ் ஒட்டிய மாடி வீடு, அதன் நெற்றியில் தண்ணீர்த் தொட்டி. மூன்றும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. நாட்டு ஓட்டு வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தவற்றின் தாழ்ந்த எறவாணத்தில் அரிவாள், கோழி இறகு, ரேஷன் கார்டு வைத்த பிளாஸ்டிக் பை என்று ஏதேதோ செருகியிருந்தது. நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் மேய்வார்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே காற்று தங்கும். மேல் ஓடு கொதித்தாலும் கீழ் ஓடு அவ்வளவு சுடாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மேய ஆள் வேண்டும். குரங்கு ஒரு நாள் ஏறி ஆடினால் போதும், மழைக்கு வீடு முழுக்கப் பாத்திரம் வைக்க வேண்டியதுதான்.

ஒரு வீட்டின் முன்னால் நின்று தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏந் தம்பி வெயில்ல நிக்கிறீங்க? திண்ணையில குந்துங்க."

எண்பதைத் தொட்டிருப்பார். "வீட்டப் பாக்கலாமா ஆயா?" என்றேன். "பாக்குறதுக்கு என்னா இருக்குது, ஓட்டையும் ஒடசலும்தான்" என்றபடியே வழிவிட்டார். முதலில் குந்தச் சொன்ன இடத்தில் குந்தினேன். வழுவழுவென்று தேய்த்த சிவப்புத் திண்ணை, தலைப்பக்கம் சாய்ந்துகொள்ள ஒரு மேடு. வழிப்போக்கன் தலையணை கேட்கக் கூடாது என்று கட்டும்போதே போட்டு வைத்தது. வெயில் தெருவில் இருந்தது. திண்ணைக்கு அதன் வெளிச்சம் மட்டும் வந்தது. எறவாணம் அவ்வளவு தாழ்வு. உள்ளே போகிறவர் தலை குனிந்துதான் ஆக வேண்டும். இதை மரியாதைக்காகச் செய்தது என்று கதை சொல்வார்கள்; உச்சி சாய்ந்த வெயிலைத் தடுக்கச் செய்தது என்பதே என் எண்ணம்.

உள்ளே ரேழி, அதைத் தாண்டினால் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம். கூடத்தின் மேலே மட்டும் ஓடு இல்லை, மெட்ராஸ் ஒட்டு. தேக்கு உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் கைமரம் போட்டு, அதன்மேல் சன்னமான சிறு செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டுவது அந்த வேலை. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். பிறகு தட்டோடு பதிப்பார்கள். சிமெண்டு மூட்டை வராத காலத்தில் மழைநீரைத் தாங்கிய மொட்டை மாடி இப்படி அடித்து அடித்துத்தான் உருவானது. ஆயாவின் கூடத்தில் ஒரு கைமரம் மட்டும் கறையான் பிடித்து வளைந்திருந்தது. அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நல்ல முற்றத்துக்கு ஒரு தொழில் உண்டு. சூடான காற்று அதன் வழியாக மேலே கிளம்பிப் போகும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கத்துக் காற்று ரேழி வழியே உள்ளே வரும். ரேழி குறுகலாகவும் இருட்டாகவும் இருப்பதால் வரும் காற்று கொஞ்சம் ஆறிக்கொள்ளும். இப்போது இந்த முற்றத்தின் மேல் குரங்குக்குப் பயந்து கம்பிவலை, மழைக்குப் பயந்து அதன்மேல் பச்சைப் பிளாஸ்டிக் தகடு. வீட்டின் மூக்கை அடைத்தாயிற்று. அப்படியும் தெருவைவிட எவ்வளவோ தேவலாம் என்றிருந்தது. தாழ்வாரத்து ஓரத்தில் வெயில் விழும் ஒரு முழ இடத்தில் வெங்காய வடகம் காய்ந்தது. வெயில் நகர நகர ஆயா தட்டையும் நகர்த்தினார்.

ரேழிச் சுவரில் ஒரு தேக்குப் பலகை. அதில் கறுப்பு சுவிட்சுகள், பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இரண்டு. ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது; உடைந்த இடத்தில் பளபளப்பு இல்லாமல் சுண்ணாம்புக் கட்டி நிறம் தெரிந்தது. இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது இப்படிப் பீங்கானைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. அந்தப் பீங்கானுக்கு விருத்தாசலம் பேர்போன ஊர்.

காலையில் ரயிலுக்கு முன்னால் விருத்தாசலத்தில் ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்திருந்தேன். களிமண், படிகக்கல் பொடி, ஃபெல்ஸ்பார் மூன்றையும் தண்ணீர்விட்டு அரைத்துக் கூழாக்குகிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணோடு வரும் களிமண்ணும் பண்ணுருட்டி, விருத்தாசலம் பக்கத்துக் களிமண்ணும்தான் இந்த ஊரைப் பீங்கான் ஊராக்கியவை. கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடிக்கிறது. சுவரோரம் ஒரு தோல் கட்டுகிறது. நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான ஒரு கிருஷ்ணர். புல்லாங்குழல் தனி அச்சு, பிறகு ஒட்ட வேண்டும். கொலுவுக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. வேலை இப்போதே நடக்கிறது. "வெயில் உங்களுக்கு லாபந்தானே?" என்றேன், கூழ் பிசிறைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்த பெண்ணிடம். "அப்படியே வெயில்ல வச்சா வெடிச்சுப் பூடும் சார். மொத நாளு நெழல்ல வச்சாத்தான் ஆச்சு" என்றார். ஃபியூஸ் கட்டைக்கு இப்போது அவ்வளவு ஆர்டர் இல்லை; புது வீடுகளில் பிளாஸ்டிக் எம்.சி.பி. வந்துவிட்டது. பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் சீனச் சரக்கு போட்டி.

பெண்ணாடத்தின் பெரிய வீடு ஈசுவரனுடையது. பெயரே தூங்கானை மாடம். பிரளயகாலேசுவரர் கருவறையின் பின்பக்கம் வளைந்து, விமானம் படுத்துக்கிடக்கும் யானையின் முதுகுபோல உருண்டிருக்கும். கஜபிருஷ்டம் என்று சிற்ப நூல்கள் சொல்லும் வடிவம். சுற்றி வரும்போது எந்த இடத்தில் சுவர் திரும்பியது என்று தெரியாது. மூலை இல்லாததால் கால் தானாக வளைந்து நடக்கிறது. கருவறைச் சுவரில் சாளரங்கள் வைத்திருக்கிறார்கள். கல்லாலான கோயில் கருவறைகள் பெரும்பாலும் மூச்சு முட்டும். இங்கே சாளரத்தருகே முகத்தை வைத்தால் எண்ணெயும் வில்வமும் மணக்கும் காற்று வருகிறது. சாளரத்துக்குப் புராணம் சொல்லும் காரணம் வேறு. எனக்கு அது கோடையில் வியர்த்த ஒரு சிற்பியின் யோசனையாகப் படுகிறது.

நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நிற்கிறது. பிரளய வெள்ளம் வந்தபோது ஊரைக் காக்கத் திரும்பி நின்றதாம். பக்கத்தில் வெள்ளாறு ஓடும் ஊரில் இப்படியொரு கதை பிறந்ததில் அதிசயம் எதுவுமில்லை. அப்பர் இங்கே வந்துதான், சமணத்தில் இருந்த உடம்போடு இனி வாழ விருப்பமில்லை, சூலமும் இடபமும் என் தோளில் பொறித்துவிடு என்று கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது.

பெரியபுராணத்தில் இந்த ஊருக்கு இன்னொரு கதை உண்டு. அது ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. வணிகர் குலத்துக் கலிக்கம்பர் அடியார்களை அழைத்து வந்து, பாதம் விளக்கி, சோறிட்டு அனுப்புகிறவர். ஒரு நாள், முன்பு இவர் வீட்டில் ஏவல் செய்து வெறுத்துப்போன ஆள் ஒருவன் அடியார் வேடத்தில் வருகிறான். கரகத்தில் நீர் வார்க்க வேண்டிய மனைவி ஒரு கணம் தயங்குகிறார். கலிக்கம்பர் வாளெடுத்து அவர் கையை வெட்டிவிட்டுத் தாமே நீர் வார்த்து முடிக்கிறார். கோயிலில் அவர் கும்பிட்ட கையோடு இருக்கிறார். பக்தியின் உறைப்பு என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். நான் எத்தனை முறை படித்தாலும் என் மனம் அந்த அம்மாளின் பக்கமே நிற்கிறது. அவர் தயங்கியது அவர் சேர்த்து வைத்த எண்ணம் இல்லை. வேலைக்காரன் வாசலைத் தாண்டக் கூடாது என்று அந்த வீடே அவருக்குக் கற்றுக்கொடுத்த எண்ணம்.

திண்ணையைப் பற்றி உருகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறோம். தலைமேட்டுடன் கட்டிய திண்ணை எல்லா வழிப்போக்கருக்கும் திறந்திருக்கவில்லை. யார் குந்தலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும், யார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாது என்று எழுதாத சட்டம் இருந்தது. நான் குந்திய இடத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் குந்தியிருக்க முடியாது.

ஊரின் இன்னொரு பெரிய வீடு இப்போது இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அச்சுத களப்பாளர் இருந்த இடத்தைக் களப்பாளர் மேடு என்கிறார்கள். பிள்ளையில்லாத அவர், குடும்ப குரு தேவாரச் சுவடியில் கயிறு சார்த்திப் பார்த்துச் சொன்னபடி திருவெண்காட்டுக்குப் போய் வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அந்த ஊர் இறைவன் பெயரால் சுவேதவனப் பெருமாள் என்று பெயர் வைத்தார். பிள்ளையைச் சிறு வயதிலேயே தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டு போய்விட்டார். அங்கே மெய்கண்டார் ஆகி, பன்னிரண்டு சூத்திரத்தில் சிவஞானபோதம் செய்தார். கயிறு சார்த்திய குருவே பின்னாளில் அருணந்தி சிவாச்சாரியாராக அந்தப் பிள்ளைக்குச் சீடரானார். மேட்டில் மெய்கண்டாருக்குக் கோயில் உண்டு. மூன்று மணி வெயிலில் அங்கே நானும் இரண்டு ஆடும்தான். வீடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஒரு செங்கல்லும் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் கம்பங்கூழ் வண்டி. மோர் மிளகாயும் உரித்த சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும். கூழ்க்காரர் இறையூர்க்காரர். இறையூர் சர்க்கரை ஆலை பெண்ணாடத்துக்கு அடுத்த வாசல். அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஊர் முழுக்கப் பாகு வாடை அடிக்கும். கரும்புப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளும் உண்டு, ஆலை நின்று நிலுவைக்காக விவசாயிகள் போராடிய வருஷங்களில் பாதியில் நின்றுபோன வீடுகளும் உண்டு. "எங்க ஊட்டுக் கம்பி ஆறு வருஷம் துருப்புடிச்சி வானத்தப் பாத்துக்கினு நின்னுச்சி" என்றார் கூழ்க்காரர்.

இந்த ஊரில் கான்கிரீட்டைக் குறை சொல்லுமுன் ஒன்றை நினைக்க வேண்டும். ஓட்டு வீடு எல்லாருக்கும் இருந்ததில்லை. பெரும்பாலானவர்களுக்கு வீடென்றால் மண்சுவரும் கரும்புத் தோகைக் கூரையும்தான். தோகை குளுமை; ஆனால் கோடையில் ஒரு பொறி போதும். ஒரு வீடு பற்றினால் காற்று வாக்கில் தெருவே போகும். சேர்த்து வைத்த நெல்லும் கல்யாணப் பாத்திரமும் பள்ளிச் சான்றிதழும் அரை மணியில் சாம்பல். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இப்படி எரிந்த தெருக்களின் செய்தி இல்லாத கோடை கிடையாது. 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தபோது அந்தச் சின்னச் சதுர வீடுகளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் யாரும் கூரை எரிவதைப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. ஓடுகளை அள்ளிக்கொண்டு போனது. மிச்சமிருந்த கூரை ஆசையையும் அது தீர்த்துவிட்டது.

அந்தக் கான்கிரீட்டுக்குச் சிமெண்டு தூரத்திலிருந்து வரவில்லை. தெற்கே அரியலூர்ப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த இடம். சிப்பியும் நத்தையும் கல்லாகி வயலில் கிடக்கும். சிமெண்டு லாரிகள் அங்கிருந்துதான் இந்தப் பக்கம் வருகின்றன. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடும், சுண்ணாம்புக்கல் சுட்ட சிமெண்டில் கட்டிய புது வீடும் கடல்ஜீவன்களின் ஓட்டில் நிற்பவைதாம். வித்தியாசம் கனத்திலும் காற்றிலும் இருக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் திருவட்டத்துறைக்குப் பஸ் ஏறினேன். வெள்ளாற்றங்கரை ஊர். பழைய பெயர் நெல்வாயில் அரத்துறை. சிறுவன் சம்பந்தர் தூங்கானை மாடத்தைப் பாடிவிட்டு, தகப்பனார் தோளிலும் ஏறாமல் நடந்தே புறப்படுகிறார். கால் நோகிறது. இறையூர்ப் பக்கத்து மாறன்பாடியில் இரவு தங்குகிறார். அன்றிரவு அரத்துறை ஊராரின் கனவில் சிவன் வந்து, முத்துப் பல்லக்கும் குடையும் கோயிலில் வைத்திருக்கிறேன், பிள்ளையிடம் கொண்டு போய்க் கொடுங்கள் என்கிறார். எந்த மாதம் என்று கதையில் இல்லை. குடையும் சேர்த்து அனுப்பியதைப் பார்த்தால் சித்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல். நடுவில் பையன்கள் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியக் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் கிரிக்கெட். பந்து ஊற்றில் விழுந்ததும் சண்டை. கரை மரத்தில் திரௌபதி அம்மன் தீமிதிக்கும் பாரதக் கூத்துக்கும் அழைக்கும் துண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கத்துக் கோடையில் பகலில் தூங்கி இரவில் கூத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெண்ணாடம் திரும்பியபோது இருட்டிவிட்டது. தெருவில் கரண்ட் இல்லை. ஓட்டு வீட்டுக்காரர்கள் திண்ணையில். மாடி வீட்டுக்காரர்களுக்குத் திண்ணை கிடையாது. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று இரும்புக் கேட்டு வரை சிமெண்டு போட்டாயிற்று. அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவிலேயே போட்டுவிட்டார்கள். பனையோலை விசிறி, செல்போன் வெளிச்சம், யாரோ அரிந்த தர்ப்பூசணி. ஆயாவும் எதிர் மாடி வீட்டு நாற்காலி ஒன்றில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மகனுக்கு இந்த வீட்டை இடித்துக் கட்டும் யோசனை இருக்கிறதாம். தூண் வாங்க ஆள் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். ஆயா திண்ணை வைத்துக் கட்டினால்தான் சம்மதம் என்று பிடிவாதமாக இருக்கிறார். "திண்ண வச்சா கார எங்க வுடுறதுன்னு கேக்குறான். காரே இன்னும் வாங்குல."

கரண்ட் வந்தது. ஓட்டு வீடுகளில் டிவி சத்தம் கேட்டது. ஓரிருவர் உள்ளே போனார்கள். நாற்காலிக்காரர்கள் யாரும் எழவில்லை. ஏன் என்று எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உள்ள போயி என்னா பண்றது சார், பகல்ல குடிச்ச வெயில மாடி இப்பத்தான் கக்குது. பத்து மணி ஆவும்" என்று சொல்லிவிட்டு, கடைசி ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.